பில்லியனும் கோடியும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் முதுநகரில் உள்ள ஒரு சிறிய கடைசல் பட்டறையில் முப்பத்து நான்கு ஆண்டுகளாக வேலை செய்துவருகிறேன். விசைப்படகு இயந்திரங்களின் தண்டுகளைக் கடைவதும், தேய்ந்துபோன புஷ்களுக்கு (தண்டைச் சுற்றித் தாங்கும் வளையங்களுக்கு) பதிலாகப் புதியவை செய்து பொருத்துவதும் எங்கள் தொழில். தங்கள் நாளிதழ் காலைத் தேநீரோடு பட்டறைக்கு வந்துவிடும். முதல் படகின் வேலை தொடங்கும்வரை அதிலுள்ள அறிவியல் செய்திகளை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்போம். அண்மையில் அப்படிப் படித்த இரண்டு செய்திகளில் நீள அளவுகள் தவறாக அச்சாகியிருந்தன. ஒன்றில் பிழை 100 மடங்கு. மற்றொன்றில் 1,000 மடங்கு. அளவையே நம்பிப் பிழைக்கும் தொழிலில் இருப்பதால் அவற்றைக் கண்டும் காணாமல் விட மனம் ஒப்பவில்லை. அந்தப் பிழைகள் எவ்வாறு நேர்ந்திருக்கும் என்பதும் எனக்கு ஓரளவு புரிகிறது என்பதால், அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலாவது, வாயேஜர் 1 விண்கலத்தைப் பற்றிய செய்தி. 1977 செப்டம்பரில் ஏவப்பட்ட அந்தக் கலம் பூமியிலிருந்து 25 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதாக அச்சாகியிருந்தது. சரியான தொலைவு ஏறத்தாழ 2,500 கோடி கிலோமீட்டர். ஆங்கிலச் செய்தியில் 25 பில்லியன் என்று இருந்ததை, பில்லியன் என்றால் கோடி என்று கொண்டு மொழிபெயர்த்திருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. செவ்வாய்க் கோள் சூரியனிலிருந்து சராசரியாக ஏறத்தாழ 23 கோடி கிலோமீட்டர் தொலைவிலும், வியாழன் ஏறத்தாழ 78 கோடி கிலோமீட்டர் தொலைவிலும் சுற்றுகின்றன. எனவே அச்சான எண்ணின்படி, 1979-இல் வியாழனையும் 1980-இல் சனியையும் கடந்து, 2012-இல் சூரியக் காற்றின் எல்லையையே தாண்டிவிட்ட ஒரு கலம், இன்னும் செவ்வாயின் பாதையை அடுத்தே நின்றுகொண்டிருக்க வேண்டும். அதே செய்தியின் கீழ்ப்பகுதியில், கலத்தின் வானொலிக் குறிப்பு பூமிக்கு வந்து சேர ஏறத்தாழ 23 மணி நேரம் ஆகிறது என்று சரியாகவே எழுதியிருந்தது. ஒளி ஒரு நாளில் ஏறத்தாழ 2,590 கோடி கிலோமீட்டர் செல்லும். 25 கோடி கிலோமீட்டரை அது கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடும். ஒரே செய்திக்குள் இருந்த இரண்டு எண்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்திருந்தால் பிழை அங்கேயே பிடிபட்டிருக்கும்.

நாம் எண்ணும் முறையில் ஆயிரத்துக்கு மேல் இரண்டிரண்டு சுழியமாகக் கூடுகிறது: ஆயிரம், லட்சம், கோடி. மேலை நாட்டு முறையிலோ மூன்று மூன்றாகக் கூடுகிறது. இரண்டு முறைகளும் வெவ்வேறு இடைவெளிகளில் படி வைத்த ஏணிகளைப் போன்றவை. ஒன்றின் படி மற்றொன்றின் படிக்கு நேராக வருவது அரிது. மில்லியன் என்பது 10 லட்சம். பில்லியன் என்பது 100 கோடி. டிரில்லியன் என்பது ஒரு லட்சம் கோடி. இந்த மூன்று வரிகளைச் செய்தி எழுதுவோர் மேசைமேல் ஒட்டி வைத்துக்கொண்டாலே பாதிப் பிழைகள் குறைந்துவிடும். காற்புள்ளி இடுவதிலும் இதே சிக்கல் உண்டு. ஒளி ஒரு விநாடியில் செல்லும் தொலைவு 29,97,92,458 மீட்டர். வெளிநாட்டுச் செய்தியில் இதுவே 299,792,458 என்று மூன்று மூன்றாகப் பிரிந்து வரும். அதை அப்படியே எடுத்து அச்சிட்டுவிட்டுக் கூடவே கோடி என்றும் எழுத முனையும்போதுதான் இடம் தவறுகிறது.

இதில் புதுச்சேரிக்கு மட்டும் உரிய ஒரு கூடுதல் சிக்கலையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு வழியில் படித்த ஒருவர் பில்லியன் என்ற சொல்லைக் கேட்டால் அதை ஒரு லட்சம் கோடி என்றே கொள்வார். 100 கோடிக்கு அம்மொழியில் மில்லியார் என்று வேறு சொல் இருக்கிறது. ஆக, கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒரே பதிப்பைப் படிக்கும் இருவர் ஒரே சொல்லை ஆயிரம் மடங்கு வேறுபாட்டோடு புரிந்துகொள்ள இடமுண்டு. லட்சம், கோடி என்று எழுதினால் அந்த மயக்கத்துக்கு வழியே இல்லை.

இரண்டாவது செய்தி எங்கள் வாழ்க்கைக்கு இன்னும் நெருக்கமானது. காற்றில் கலந்துள்ள நுண்துகள்களைப் பற்றிய அந்தக் கட்டுரையில், பி.எம். 2.5 என்பது 2.5 மி.மீ. அளவும் அதற்குக் குறைவும் உள்ள துகள்கள் என்று அச்சாகியிருந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்த, எங்களிடம் வேலை பழகும் இளைஞர் நிறுத்திவிட்டு, "அண்ணே, 2.5 மி.மீ. என்றால் ஒரு நூலுக்குக் கொஞ்சம்தானே குறைவு? அவ்வளவு பெரியது எப்படி நுரையீரல்வரை போகும்?" என்று கேட்டார். தச்சரும் கொத்தனாரும் பட்டறைக்காரரும் நூல் என்று சொல்வது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3.175 மி.மீ. அவருடைய கேள்வி முற்றிலும் நியாயமானது. 2.5 மி.மீ. என்பது கடுகைவிடப் பெரிது. கண்ணில் விழுந்தால் உறுத்தும், மூக்குக்குள் போனால் தும்மல் வெளியே தள்ளிவிடும். உண்மையில் அது 2.5 மைக்ரோமீட்டர், அதாவது 0.0025 மி.மீ.; தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. அவ்வளவு சிறியதாக இருப்பதனால்தான் அது மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் காற்றறைகள்வரை இறங்குகிறது. அளவை ஆயிரம் மடங்கு பெருக்கிவிட்டதால், அந்தத் துகள் ஏன் தீங்கானது என்ற கட்டுரையின் கருத்தே வாசகருக்குப் போய்ச் சேரவில்லை. தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குழந்தைகளோடு குடியிருக்கும் நாங்கள் இத்தகைய கட்டுரைகளை வெறும் தகவலாகப் படிப்பதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

இந்தப் பிழைக்குக் காரணம் சுருக்கக் குறி என்று நினைக்கிறேன். கையெழுத்துப் படியில் மை.மீ. என்று இருந்தது அச்சில் மி.மீ. ஆகியிருக்கும். எழுத்தின் முன்னால் நிற்கும் ஒரு கொம்பு தலைக்குமேல் சுழியாக மாறியதில் அளவு ஆயிரம் மடங்கு ஏறிவிட்டது. பன்னாட்டுக் குறியீட்டு முறையில் மில்லிக்குச் சிறிய எழுத்தும் மெகாவுக்குப் பெரிய எழுத்தும், பிக்கோவுக்குச் சிறியதும் பெட்டாவுக்குப் பெரியதும் என எழுத்தின் உருவத்தை வைத்தே வேறுபாடு காட்டுகிறார்கள். தமிழ் எழுத்தில் பெரியது சிறியது என்ற பிரிவு கிடையாது. ஆகவே அந்தக் குறிகளைப் பார்த்துத் தமிழில் நாம் வகுத்துக்கொள்ளும் சுருக்கங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன: மி. என்பது மில்லியா மில்லியனா, மெ. என்பது மெகாவா மெட்ரிக்கா என்று முன்பின் படித்தே ஊகிக்க வேண்டியிருக்கிறது. மில்லிக்கும் மெகாவுக்கும் இடையே 100 கோடி மடங்கு வேறுபாடு. கி.மீ., செ.மீ., மி.மீ. ஆகிய மூன்றும் வழக்கில் ஊன்றிவிட்டவை, அவற்றை விட்டுவிடலாம். மைக்ரோமீட்டர், நானோமீட்டர், ஒளியாண்டு போன்றவற்றை இடம் போனாலும் முழுச் சொல்லாகவே அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

மைக்ரோமீட்டர் என்ற சொல்லிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. பட்டறையில் அந்தப் பெயர் கையில் பிடிக்கும் கருவிக்கு உரியது. பள்ளிப் பாடநூல் அதைத் திருகு அளவி என்று குறிக்கும். அலகை நாங்கள் மைக்ரான் என்றே சொல்கிறோம். கடைகளில் கைப்பை விற்பவர்களும் அப்படியே சொல்கிறார்கள். நடுவண் அரசின் விதி 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்குக் குறைவான தடிமனுள்ள பிளாஸ்டிக் கைப்பைகளைத் தடை செய்தபின் அந்தச் சொல் காய்கறிச் சந்தைவரை வந்துவிட்டது. 120 மைக்ரான் என்பது 0.12 மி.மீ. பழைய இயந்திரங்களுக்கு நாங்கள் இன்றும் தௌ கணக்கில்தான் வேலை செய்கிறோம். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; அங்குலம் சரியாக 25.4 மி.மீ. என்று 1959-இல் பன்னாட்டு உடன்பாடு ஏற்பட்டுவிட்டதால், ஒரு தௌ சரியாக 25.4 மைக்ரான். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியில் இரண்டு தௌ கூடினால் படகு அதிர்கிறது. இரண்டு தௌ குறைந்தால் தண்டு சூடேறிப் பிடித்துக்கொள்கிறது. கடலுக்குள் பத்துக் கடல் மைல் போனபின் அப்படி நின்றுவிட்ட படகைக் கயிறு கட்டி இழுத்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அலகை மாற்றும்போது ஒரு சுழியம் தவறினால் என்ன ஆகும் என்பது எங்களுக்குக் காகிதத்தில் மட்டும் தெரிந்த செய்தி அல்ல.

வேலை பழக வருபவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்கும் முறை ஒன்றே. எந்த அலகிலிருந்து எந்த அலகுக்குப் போவதானாலும் நடுவில் மீட்டரில் இறங்கித்தான் ஏற வேண்டும். விழுப்புரத்தில் வண்டி மாறுவது போல. நேராகப் போகலாம் என்று குறுக்குவழி தேடும்போதுதான் சுழியம் காணாமல் போகிறது. ஓர் ஒளியாண்டு எத்தனை நானோமீட்டர் என்று கேட்டால், முதலில் ஒளியாண்டை, அதாவது ஒளி ஓர் ஆண்டில் செல்லும் தொலைவை, மீட்டராக்க வேண்டும். அது ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். மீட்டரில் 946 என்று எழுதிப் பின்னால் 13 சுழியம். அடுத்து, ஒரு மீட்டரில் 100 கோடி நானோமீட்டர் இருப்பதால் இன்னும் 9 சுழியம் சேர வேண்டும். ஆக, 946-க்குப் பின் 22 சுழியம். கோடிக்கு 7 சுழியம் என்பதால், இதையே 9,460 கோடி கோடி கோடி நானோமீட்டர் என்று வாயால் சொல்லிவிடலாம். பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பம் வந்தால் நெல்லை நினைத்துக்கொள்ளச் சொல்வேன்: ஒரே குவியலை மூட்டையால் அளந்தால் எண் சிறியது, படியால் அளந்தால் எண் பெரியது. அலகு சிறுத்தால் எண் பெருக்க வேண்டும். விடை அதற்கு மாறாக வந்தால் கணக்கு தலைகீழாகிவிட்டது என்று பொருள்.

நம் முன்னோரும் இத்தகைய ஏணியை வைத்திருந்தார்கள். 8 நெல் ஒரு விரல், 12 விரல் ஒரு சாண், 2 சாண் ஒரு முழம், 4 முழம் ஒரு கோல், 500 கோல் ஒரு கூப்பிடு, 4 கூப்பிடு ஒரு காதம் என்பது ஒரு வாய்பாடு. நெல்லுக்குக் கீழேயும் எள், கடுகு, மணல், மயிர்முனை, துகள் என்று எட்டெட்டாக அணுவரை இறங்கிய கணக்குகள் உண்டு. ஒரு காதத்தில் எத்தனை நெல் என்று கேட்டால் 4, 500, 4, 2, 12, 8 ஆகியவற்றை வரிசையாகப் பெருக்கி 15,36,000 என்ற விடைக்கு வர வேண்டும். படிக்குப் படி பெருக்கும் எண் மாறுவதும், கோலின் நீளம் ஊருக்கு ஊர் வேறுபட்டதும் அந்த முறையின் குறைகள். ஆனால் கண்ணுக்குத் தெரியாத துகளிலிருந்து காதத் தொலைவுவரை ஒரே தொடராகப் பார்க்கும் மனம் நமக்குப் புதிதல்ல. மீட்டர் முறையில் எல்லாப் படியும் பத்தாகிவிட்டது. எண்ண வேண்டியது சுழியங்களை மட்டுமே. அந்த மீட்டரும் நம் எண்முறைக்கு ஒத்துவருவது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 1791-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தார் அதை வகுத்தபோது, வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடுவரை உள்ள தொலைவில் சரியாகக் கோடியில் ஒரு பங்கையே எடுத்துக்கொண்டார்கள். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 4 கோடி மீட்டர் என்பது அதனால்தான் இவ்வளவு எளிதாக நினைவில் நிற்கிறது. இன்றைய மீட்டர் 1983 முதல் ஒளியின் வேகத்தைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது என்றாலும் அளவு ஏறக்குறைய அதுவேதான்.

பூமியை அளந்த நீளம் வானத்தை அளக்கவும் பயன்பட்ட வரலாற்றில் புதுச்சேரிக்கும் ஓர் இடம் உண்டு. சூரியனின் முன்னால் வெள்ளி கடந்துபோகும் நேரத்தைப் பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து குறித்தால், அந்த இடங்களுக்கு இடையே உள்ள சில ஆயிரம் கிலோமீட்டரை அடிக்கோடாக வைத்துச் சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம் என்பது அக்கால வானியலாரின் திட்டம். அதற்காக 1760-இல் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார் பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தி. அவர் வந்து சேரும் முன்பே, 1761 ஜனவரியில், நகரம் ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. அந்த ஆண்டு ஜூன் மாதத்து நிகழ்வை அவர் ஆடும் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்க மட்டுமே முடிந்தது. பயன்படும்படி அளக்க முடியவில்லை. அடுத்த நிகழ்வு 1769-இல் என்பதால் ஊர் திரும்பாமல் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே தங்கி, 1768-இல் புதுச்சேரிக்கு வந்து, ஆய்வுக்கூடம் அமைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் சூரியனை மறைத்துவிட்டது. நிகழ்வு முடிந்தபின்தான் வானம் தெளிந்தது. அவர் கைக்கு எட்டாத அந்த அளவை, மற்ற இடங்களில் கிடைத்த குறிப்புகளைக் கொண்டு 1771-இல் மற்றொரு பிரெஞ்சு வானியலாரான லலாந்து கணக்கிட்டு, ஏறத்தாழ 15.3 கோடி கிலோமீட்டர் என்று கண்டார். இன்று நாம் கொள்ளும் வானியல் அலகு, அதாவது சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள சராசரித் தொலைவு, 14.96 கோடி கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 2012-இல் அதை 1,49,59,78,70,700 மீட்டர் என்று பன்னாட்டு வானியல் ஒன்றியம் முடிவாக நிலைநிறுத்தியது. ஓர் எண்ணுக்காக ஒருவர் பதினோரு ஆண்டுகள் வீட்டை விட்டிருந்தார். கடற்கரைச் சாலையில் நடக்கும்போதெல்லாம் அந்தக் காலை நேரத்து மேகத்தை நினைத்துக்கொள்வேன். அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த எண்களை நாம் சுழியம் பிசகாமலாவது அச்சிட வேண்டும் என்பது என் ஆதங்கம்.

பெரிய எண்ணைச் சரியாக அச்சிட்டாலும் அது மனத்தில் பதிய வேண்டுமே என்று கேட்கலாம். அதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவை ஒரு மீட்டராகச் சுருக்குவோம். சூரியன் 9 மி.மீ. அளவுள்ள ஒரு சுண்டைக்காய். பூமி அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கும் 85 மைக்ரான் அளவுள்ள துகள். ஒரு முடியின் தடிமன்தான் அது, சந்தையில் கிடைக்கும் கைப்பையைவிடவும் மெல்லியது. நிலவு பூமியிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும். ஒரு நூலுக்கும் குறைவு. வாயேஜர் 1 ஏறத்தாழ 170 மீட்டர் தொலைவில் இருக்கும். சரி, சூரியனுக்கு அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரி எங்கே இருக்கும்? சுண்டைக்காயைக் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் வைத்தால், அந்த விண்மீன் ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தள்ளி, நேர்கோட்டில் மதுரையில் இருக்கும். மைக்ரான், மில்லிமீட்டர், மீட்டர், கிலோமீட்டர் ஆகிய நான்கும் ஒரே படத்துக்குள் வந்துவிடுவதைக் காட்டியபோது எங்கள் பட்டறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அங்குலத்தில் வேலை செய்பவன் என்பதால் எனக்குக் கிடைத்த இன்னொரு பிடிமானத்தையும் சொல்கிறேன். ஒரு மைலில் 63,360 அங்குலம். ஓர் ஒளியாண்டில் ஏறத்தாழ 63,241 வானியல் அலகு. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை, தற்செயல் ஒற்றுமைதான். ஆனாலும் சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவை ஓர் அங்குலம் என்றால் ஒளியாண்டு ஒரு மைல் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட முடிகிறது. சிறிய பக்கத்திலும் இதே அளவு இடைவெளி வந்து நிற்பது எனக்கு வியப்பளிக்கிறது: ஹைட்ரஜன் அணுவின் விட்டம் ஏறத்தாழ ஒரு ஆங்ஸ்ட்ராம், அதாவது மீட்டரில் 1,000 கோடியில் ஒரு பங்கு; அதன் நடுவில் உள்ள புரோட்டானோ அதைவிட ஏறத்தாழ 60,000 மடங்கு சிறியது. புரோட்டானைச் சுண்டைக்காயாக்கினால் அணு அரைக் கிலோமீட்டருக்கு மேல் விரியும்.

ஒளியாண்டு என்பதைக் கால அளவாகக் கொண்டு "பல ஒளியாண்டுகளுக்கு முன்பு" என்று எழுதும் வழக்கமும் அவ்வப்போது தங்கள் பக்கங்களில் தென்படுகிறது. அது தொலைவு, கிலோமீட்டருக்கு உரிய இடத்தில்தான் அதுவும் நிற்க வேண்டும். "பல கிலோமீட்டருக்கு முன்பு பிறந்தார்" என்று எழுத மாட்டோம் அல்லவா?

அறிவியல் செய்தியில் மிகப் பெரிய அல்லது மிகச் சிறிய நீளம் வரும் ஒவ்வொரு இடத்திலும், அச்சுக்குப் போகும் முன் வாசகருக்குத் தெரிந்த ஒரு நீளத்தோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தை ஆசிரியர் குழு மேற்கொள்ள வேண்டுகிறேன். கோள்களின் தொலைவுக்குச் சூரியனும் பூமியும், நுண்பொருளுக்குத் தலைமுடி, அதற்கும் கீழே போனால் ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவுள்ள கொரோனா வைரசு, 2 நானோமீட்டர் தடிமனுள்ள டி.என்.ஏ. இழை ஆகியவை போதும். அந்த ஒப்பீட்டையே ஒரு வரியாகச் செய்தியில் சேர்த்துவிட்டால் மாணவர்களுக்கும் உதவும். ஒன்பதாம் வகுப்பில் வானியல் அலகையும் ஒளியாண்டையும் விண்ணியல் ஆரத்தையும் (பார்செக்) வாய்பாடாக மட்டும் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் அவற்றை முதன்முதலில் உயிரோடு பார்ப்பது நாளிதழில்தான்.

மேற்கண்ட இரண்டு செய்திகளுக்கும் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வாயேஜர் 1 உள்ள தொலைவு ஏறத்தாழ 2,500 கோடி கிலோமீட்டர் என்றும், பி.எம். 2.5 துகளின் அளவு 2.5 மைக்ரோமீட்டர், அதாவது 0.0025 மி.மீ. வரை என்றும், செய்திகள் வந்த அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் அச்சிட்டால் நன்றியுடையவனாவேன். நுண்துகள் கட்டுரையை வெட்டி எங்கள் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். திருத்தம் வந்ததும் அதையும் பக்கத்திலேயே ஒட்டுவோம்.

இப்படிக்கு,
கடைசல் பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
கடலூர் முதுநகர்.